பலகையை இணைத்ததும் ஆட்டமா? தாமதத்தை அளந்து பாருங்கள்

செயற்கைக்கோளின் திசைக் கட்டுப்பாட்டை முழுக்கக் கணினிக்குள்ளேயே ஓட்டினால் அது சொன்ன திசையில் நிற்கிறது, நிஜ கட்டுப்பாட்டுப் பலகையை யூஎஸ்பி வழியாக சிமுலேட்டரோடு இணைத்தால் மட்டும் ஆட்டம் கூடிக்கொண்டே போகிறது என்கிறீர்கள். கெயினை, அதாவது திசைப் பிழைக்கு எவ்வளவு பலமாகத் திருத்தம் செய்வது என்ற அளவைக் குறைக்கும் யோசனையை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். குறைத்தால் ஆட்டம் அடங்கலாம், காரணம் தெரியாமலே போய்விடும்.

எனக்குச் சந்தேகம் தாமதத்தின் மேல்தான். முழுக்கக் கணினியில் ஓடும்போது சென்சார் மதிப்பும் செயற்கைக்கோளைத் திருப்பும் சக்கரத்துக்கான கட்டளையும் ஒரே படியில் கைமாறிவிடும். பலகை வந்ததும் யூஎஸ்பி, பஃபர் (தரவு காத்திருக்கும் இடம்), இயங்குதளம் என்று ஆளாளுக்குக் கொஞ்சம் நேரத்தை விழுங்கும். கட்டுப்பாட்டு லூப்பின் கிராஸ்ஓவர் (அதன் மொத்தக் கெயின் 1 ஆகும் அதிர்வெண்) 1 ஹெர்ட்ஸ், கூடுதல் தாமதம் 100 மில்லிசெகண்ட் என்றால் 36 டிகிரி ஃபேஸ் அதிலேயே காலி. 45 டிகிரி ஃபேஸ் மார்ஜினில் (லூப் நிலைகுலையும் முன் தாங்கக்கூடிய ஃபேஸ் இழப்பு) வடிவமைத்திருந்தால் மிஞ்சுவது வெறும் 9.

சென்சார் பாக்கெட்டில் ஒரு வரிசை எண் போடுங்கள், பலகை அதைத் தன் கட்டளையோடு திருப்பி அனுப்பட்டும். போய்வரும் நேரம் அப்படியே தெரிந்துவிடும். சராசரியை நம்ப வேண்டாம், அதிகபட்சத்தைப் பாருங்கள். எஃப்டிடிஐ (யூஎஸ்பி-சீரியல் மாற்றி) சில்லு உள்ள கேபிள் என்றால் அதன் லேட்டன்சி டைமர், அதாவது தரவை அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம், வழக்கமாக 16 மில்லிசெகண்டில் இருக்கும், 1 ஆக்குங்கள்.

அப்புறம், அளந்த தாமதத்தைக் கணினி மாதிரியிலும் சேர்த்து ஓட்டுங்கள். அங்கேயும் ஆடினால் தாமதம்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். ஆடாவிட்டால், அச்சுகளின் குறியும் குவாட்டர்னியனின் (திசையைக் குறிக்கும் நான்கு எண்கள்) வரிசையும் இரு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.