சீட்டுக்குச் சீட்டு எடை போட்ட பேராசிரியர்

வாசகர் கேள்வி – பதில்
இந்த வாரம்: சுங்கை சிப்புட் தோட்டப்புற வாசகர்கள்

கேள்வி: பிளாக்ஜாக் ஆட்டத்தைக் கணிதமாகவே ஆராய்ந்த பீட்டர் கிரிஃபின் அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

பதில்: ஐயா, பிளாக்ஜாக்கில் 21-ஐத் தாண்டாமல், சூதாட்ட விடுதி சார்பில் ஆடும் டீலரைவிட அதிகம் சேர்ப்பவருக்கு வெற்றி. போன சீட்டுகளை எண்ணி இதில் ஜெயிக்கலாம் என்று கணித வல்லுநர் எட்வர்ட் தார்ப் 1962-லேயே புத்தகம் எழுதிவிட்டார். அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் கணிதம் கற்பித்த கிரிஃபின், 1979-ல் வெளியிட்ட 'தி தியரி ஆஃப் பிளாக்ஜாக்' நூலில் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டார்: கட்டிலிருந்து ஒரு சீட்டு போனால் யாருக்கு எவ்வளவு லாபம்?

ஒற்றைக் கட்டில் ஒரு 5 போனால் ஆடுபவரின் நிலை சுமார் 0.69% உயரும். ஓர் ஏஸ் போனால் சுமார் 0.6% இறங்கும். 8 போனால் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. 5-க்கு ஏன் இத்தனை கனம்? டீலர் 16 வரை சீட்டு எடுத்தே ஆகவேண்டும். 12 முதல் 16 வரை எதில் நின்றாலும் ஒரு 5 வந்தால் 17 முதல் 21-க்குள் தப்பித்துவிடுவார். இந்த ஐந்து கைகளையுமே கரையேற்றும் சீட்டு அது ஒன்றுதான். எவ்வளவு அழகான விடை!

கேள்வி: எண்ணத் தொடங்கினால் பாதியில் குழம்பிவிடுகிறது. சரியான முறை என்ன?
– வாசகர், தோட்டக் குடியிருப்பு

பதில்: ஹை-லோ முறையில் 2 முதல் 6 வரை +1. 7, 8, 9-க்கு 0. 10, ஜேக், குயின், கிங், ஏஸ் எல்லாம் –1. முழுக் கட்டையும் எண்ணினால் 0-வில் முடியவேண்டும். ஒரு சீட்டைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு மற்ற 51-ஐ எண்ணுங்கள். +1 என்று முடிந்தால் கவிழ்த்தது பெரிய சீட்டு. திருப்பிப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஒவ்வொன்றாக எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது. இரண்டிரண்டாகப் பாருங்கள்: கிங்கும் 5-ம் சேர்ந்து வந்தால் கழிந்துவிடும், மனத்தில் ஏற்றவே வேண்டாம்.

எண்ணிக்கை ஏற ஏற, மீதிக் கட்டில் பெரிய சீட்டுகள் அதிகம் என்று பொருள்; அது ஆடுபவருக்குச் சாதகம். ஆனால் பலர் கோட்டைவிடுவது வகுத்தலில். ஆறு கட்டு ஆட்டத்தில் எண்ணிக்கை +8, இன்னும் நான்கு கட்டு மீதி என்றால் உண்மை மதிப்பு +2. மீதியிருக்கும் கட்டுகளால் வகுக்கவேண்டும், போன கட்டுகளால் அல்ல.

கிரிஃபின் வகுத்த அளவுகோலில் (1 என்றால் முழு மதிப்பெண்), பந்தயத்தை எப்போது கூட்டுவது என்பதற்கு இம்முறை சுமார் 0.97 பெறுகிறது. சீட்டு எடுப்பதா, நிற்பதா என்ற முடிவுக்குச் சுமார் 0.51 மட்டுமே. காரணம், பந்தயத்துக்கு ஏஸ் பெரிய சீட்டு. கையில் 14 இருக்கும்போது அதே ஏஸ் வெறும் 1.

கேள்வி: நன்றாகப் பழகிக்கொண்டு கெந்திங் மலை சூதாட்ட விடுதிக்குப் போனால் சம்பாதிக்க முடியுமா அண்ணே?
– இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: கணக்கைப் பாருங்கள் தம்பி. நல்ல விதிகள் உள்ள மேசையிலேயே தொடக்கத்தில் சுமார் 0.5% பின்தங்கித்தான் இருப்பீர்கள். உண்மை மதிப்பு ஒன்று ஏறினால் அரை சதவீதம் கூடும். அப்படியானால் +2-ல் உங்கள் பக்கம் 0.5%. அந்த நிலையில் 50 ரிங்கிட் வீதம் 100 ஆட்டம் ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 25 ரிங்கிட். ஏற்ற இறக்கமோ 550 ரிங்கிட்டுக்கும் மேல். வாடகைப் பணமும் தவணைப் பணமும் இதைத் தாங்காது, எடுத்துப் போகவே வேண்டாம்.

முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் சேர்ந்து 21 வருவதுதான் பிளாக்ஜாக் கை. அதற்குப் பந்தயம் 2-க்கு 3 தராமல், 5-க்கு 6 மட்டும் தரும் மேசையில் பாதகம் மேலும் சுமார் 1.4% கூடும். ஆடிய சீட்டை உடனுக்குடன் உள்ளே இழுத்துக் கலக்கும் இயந்திரம் இருந்தால் எண்ணுவதில் பயனே இல்லை. போன சீட்டு திரும்பாது என்பதுதான் கிரிஃபின் கணக்கின் அடித்தளம். அங்கே அது உடனே திரும்பிவிடுகிறது.