பாண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், வேலை மாற முடியுமா?

கேள்வி: கோவையில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராமராக இருக்கிறேன். சேர்ந்து 14 மாதம் ஆகிறது, சம்பளம் 18,000 ரூபாய். சென்னையில் ஒரு கம்பெனி 42,000 தருவதாக ஆஃபர் லெட்டர் அனுப்பிவிட்டது. ஆனால் இங்கே சேரும்போது 2 வருட பாண்ட் எழுதி வாங்கினார்கள். இடையில் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டுமாம். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொகை எழுதாத செக் ஒன்றும், ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளும் அவர்களிடம் இருக்கின்றன. விலகினால் போலீஸுக்குப் போவோம் என்கிறார் ஹெச்.ஆர். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் போலீஸ் பயத்தை விடுங்கள், அம்மா. பாண்டை மீறுவது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. கம்பெனி கேட்கக்கூடியது பணம் மட்டும்தான். அதுவும் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பாண்ட் எல்லாமே செல்லாது என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது பொதுத்துறை வங்கி, விலகியவர் அங்கே சீனியர் மேனேஜர். விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கும் செலவையும் அவருடைய சம்பளத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. 18,000 சம்பளக்காரரிடம் அதே 2 லட்சம் நியாயமா என்று கட்டாயம் வாதாடலாம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு கம்பெனி 2 லட்ச ரூபாய் பாண்டைக் காட்டிப் பணம் கேட்டது. ஊழியர் 3 வருடத்தில் 2 வருடம் வேலை பார்த்திருந்தார். நிரூபிக்கப்பட்ட செலவு 67,595 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு, 22,532 ரூபாய் மட்டும் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். உங்கள் கம்பெனி பயிற்சிக்கு 48,000 செலவானதாக நிரூபித்தாலும், மிச்சமுள்ள 10 மாதத்துக்கு இதே கணக்கில் 20,000 தான் வரும். சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து கோட் காட்டிக் கொடுத்ததைப் பெரிய செலவாகக் காட்டுவது சுலபம் இல்லை. அப்பாவின் ஜாமீனும் உங்கள் பொறுப்புக்கு மேல் போகாது.

எனக்குக் கவலை தருவது அந்த செக்தான். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கில் வேறொருவர் தொகையை எழுதினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. எனவே விலகல் கடிதத்துடனே, அந்த செக் பாண்டுக்குப் பாதுகாப்பாக மட்டும் கொடுத்தது, எந்தக் கடனையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, அதை வங்கியில் போட வேண்டாம் என்று எழுதிப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். இந்த செக்குக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தால் மட்டும் செக் வழக்கிலிருந்து தப்பிவிட முடியாது. செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால், வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். அதைப் படிக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

மார்க் ஷீட்டை அடகுப் பொருள் மாதிரி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. முதல் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதை வாங்கி வைப்பது அநியாயம். ராஜினாமா கொடுக்கும் முன்பே, வெரிஃபிகேஷனுக்கு வேண்டும் என்று மெயிலில் கேளுங்கள். தரவில்லை என்றால் அந்த மெயிலே உங்களுக்குச் சாட்சி.

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அப்ஸ்காண்டிங் என்று எழுதிவிட்டால், அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் அது நிற்கும். ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், அதற்குப் பதில் சம்பளம் கட்டி விலகலாமா என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள். நாள் இடித்தால் புதிய கம்பெனியிடம் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். பேஸ்லிப், நியமனக் கடிதம், பாண்டின் நகல் எல்லாம் உங்களிடம் இருக்கட்டும். கம்பெனியின் கோடில் ஒரு ஃபைலைக்கூட எடுத்து வராதீர்கள், அது வேறு வழக்கு. விலகிய பிறகு ஒரு வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று எழுதியிருந்தால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி அது செல்லாது.

பேசித் தீர்க்கவும் தயங்க வேண்டாம். 15,000, 20,000-க்குள் முடியும் என்றால், செக்கையும் மார்க் ஷீட்டையும் ரிலீவிங் லெட்டரையும் கையில் வாங்கிக்கொண்டு, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்கி, பணத்தைக் கொடுத்துவிடலாம். மாதம் 24,000 கூடக் கிடைக்கப்போகும்போது அது நஷ்டம் இல்லை. ஒத்துவராமல் நீதிமன்ற சம்மன் வந்தால், கோவை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.