வாசலில் எத்தனை படி?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீடு இருந்த தெரு இப்போது இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது. அம்மா போன வருடம் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பழைய போட்டோக்கள் கிடைத்தன. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, சதுரமானவை. கடைசியில் எடுத்த சில கலர் படங்கள் சிவப்பேறிக் கிடக்கின்றன.

அவற்றை வைத்துக்கொண்டு எனக்கும் தம்பிக்கும் ஒரு வழக்கு. வீட்டு வாசலில் இரண்டு படிதான், இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் என்பது என் ஞாபகம். அவன் என்னைவிட 8 வயது இளையவன். நான்கு படி இருந்தது, மணலே கொஞ்சம்தான், ராத்திரி படுத்தால் அலை தலைமாட்டில் வந்து அடிப்பதுபோல இருக்கும் என்கிறான். சின்ன வயதில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும், நீயாகக் கற்பனை செய்துகொள்கிறாய் என்றும் சொல்கிறான். படங்களில் எங்கள் முகங்கள்தான் இருக்கின்றன, கடற்கரை சரியாகத் தெரியவில்லை. ஸ்கேன் செய்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது அவன் யோசனை. என் ஞாபகத்தை நான் நம்பலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

நம்பலாம். தம்பி சொல்வதையும் நம்பலாம். எப்படி என்று சொல்ல எங்கள் வீட்டுப் படங்கள் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் உங்களுக்குக் கொஞ்சம் தெற்கே, காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவன். சித்தப்பாவிடம் ஓர் அக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. உங்களுடையவை சதுரப் படங்கள் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஒரு ரோலுக்கு 12 படம். பொங்கலுக்குப் போட்ட ரோல் ஆடி மாதம்தான் கழுவப் போகும். அந்த 12 படங்களில் ஒன்றைக்கூட மணலுக்கோ கிணற்றுக்கோ யாரும் செலவழிக்க மாட்டார்கள். மனிதர்கள் நிற்க வேண்டும், அதுவும் புதுத் துணி போட்டு நிற்க வேண்டும்.

எங்கள் தெருவின் கடல் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் உறைகிணறு. அலைக்கு அவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீர்மேல் மிதந்து நிற்கும். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புதான். ஏழெட்டு சிமெண்ட் உறை இறக்கினால் போதும், தெருவே குடிக்கும்.

முதல் படம் 1966. அத்தை இடுப்பில் குடத்தோடு கிணற்றை ஒட்டி நிற்கிறார், பின்னால் நானும் என் அக்காவும். இரண்டாவது 1974. அண்ணன் முதன்முதலாகத் தைத்துக்கொண்ட பெல்பாட்டத்தோடு அதே கிணற்றில் சாய்ந்து நிற்கிறான். வீட்டில் எத்தனையோ தடவை இந்தப் படத்தைக் கையில் எடுத்திருப்போம். எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெல்பாட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. அத்தை இறந்த பிறகு, அவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று முதல் படத்தை ஸ்கேன் செய்தேன். அப்புறம் அண்ணன் படத்தையும் செய்தேன். அப்போதுதான் கவனித்தேன். அத்தை படத்தில் கிணற்றின் விளிம்பு முழங்கால் உயரம்தான். மணலுக்கு மேலே ஓர் உறை தெரிகிறது. அண்ணன் படத்தில் விளிம்பு அவன் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், நான்கு உறை. ஓர் உறை ஓர் அடி என்று வைத்தாலும் மூன்று அடி மணல் போயிருக்கிறது. எங்கள் எல்லோர் காலுக்கும் கீழேயிருந்து போயிருக்கிறது, எட்டே வருடத்துக்குள்.

பார்த்த பிறகு மறந்து போனதெல்லாம் வந்தது. கிணற்றடியில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஏறி நின்றுதான் பெண்கள் தண்ணீர் சேந்தினார்கள். அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த சில வருடங்களில் கிணறு கடலுக்குள் கோபுரம்போலத் தனியாக நின்றது, ஒரு மழைக்காலத்தில் சாய்ந்தது.

உங்கள் வாசல்படியும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தரை இறங்க இறங்க, கால் எட்டவில்லை என்று கீழே ஒரு படி, பிறகு இன்னொரு படி சேர்த்துக் கட்டுவது எங்கள் தெருவில் நடந்ததுதான். நீங்கள் ஓடி விளையாடியது இரண்டு படி இருந்த காலம். தம்பி தவழ்ந்து இறங்கும் வயதுக்கு வந்தபோது நான்கு ஆகியிருக்கும். 8 வருடத்தில் கடற்கரை மாறாது என்று நினைத்துக்கொண்டு இருவரும் வழக்காடுகிறீர்கள். நம் பக்கத்துக் கடற்கரை மாறியது.

கடல் கொண்டுபோய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தேன், இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நம் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனாலும் மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். கடல் எடுக்கும், தெற்கிலிருந்து வரும் புது மணலால் ஈடுகட்டும். 1875ல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. 1881 புயல் கட்டிய சுவரை உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அந்தச் சுவர் மணலை வழியிலேயே நிறுத்திவிட்டது. தெற்கே சேர்ந்ததுதான் மெரினா. அதற்கு முன்பு அங்கே தண்ணீர் சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று நம் பக்கம் முழுவதும் எடுக்கிற அலை எடுத்துக்கொண்டே இருந்தது, கொடுப்பதற்கு மணல் வரவில்லை. கருங்கல் கொட்டினார்கள். கொட்டிய இடம் பிழைத்தது, கல் முடிகிற இடத்துக்கு வடக்கே இருந்த தெரு போனது.

மெரினாவில் நடக்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நானும் பேரப்பிள்ளைகளோடு போகிறேன். ஆனால் அந்த மணலில் உட்காரும்போதெல்லாம், இதில் ஒரு பங்கு எங்கள் கிணற்றடிக்கு வந்திருக்க வேண்டியது என்ற நினைப்பு வராமல் இருந்ததில்லை. துறைமுகத்தால் ஊர் வளர்ந்தது, சரி. அதற்கு விலை கொடுத்தவர்களின் வீடுகள் எங்கே இருந்தன என்பதற்குச் சாட்சியாக, உங்கள் டப்பாவில் இருப்பது போன்ற படங்களும் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படங்களில் கடற்கரை தெரியவில்லை என்கிறீர்கள். ஒன்று செய்து பாருங்கள். அந்தக் காலக் கேமராவுக்கு நல்ல வெயில் வேண்டும், எடுப்பவர் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்க வேண்டும். நமக்குக் கடல் கிழக்கே. காலையில் எடுத்தால் எல்லோரும் கடலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் வீடுகளும் வாசல்களும் இருக்கும். மாலையில் எடுத்தால் பின்னால் கடல். படங்களை இப்படி இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். வீடுகளைக் காலைப் படத்திலும் மணலின் அகலத்தை மாலைப் படத்திலும் தேடுங்கள்.

மாலைப் படங்களில் இன்னொன்றும் கிடைக்கலாம். எங்கள் வீட்டுப் படங்கள் ஒன்றிலும் சித்தப்பா இல்லை என்று எல்லோரும் சொல்வோம். மாலைப் படங்களில் மணல்மேல், முழங்கைகளை விரித்தபடி ஒரு நீண்ட நிழல் அத்தையின் காலடிவரை வந்து கிடக்கிறது. அவர்தான் அது. உங்கள் வீட்டில் யார் கேமரா பிடித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவரையும் தேடுங்கள்.

பட்டினத்தார் சமாதிப் பக்கம் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். தெருக்கள் போன பிறகும் இடம் மாறாமல் இருப்பது அது. அங்கிருந்து அலை எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு, இன்று நேரில் போய் நின்று பாருங்கள்.

கலர் படங்கள் சிவந்துபோனதற்கு உங்கள் அம்மா வைத்திருந்த விதம் காரணமல்ல. அந்தக் காலத்துக் கலர் காகிதத்தில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகும். கடலின் நிறம் போய், அம்மாவின் புடவைச் சிவப்பு மட்டும் நின்றிருக்கும். அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைக்கு அவசரமில்லை, அது வெள்ளியால் ஆன பிம்பம், தாங்கும்.

தூக்கிப் போட வேண்டாம். இதைத் தம்பியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தை யாரும் செய்வதில்லை. ஸ்டூடியோ முத்திரை, அம்மாவின் கையெழுத்து, ‘சின்னவனுக்கு மொட்டை போட்டது’ என்பது போன்ற ஒரு வரி, எல்லாம் அங்கேதான் இருக்கும். தகர டப்பா உப்புக் காற்றில் துரு ஏறும், காகித உறைகளுக்கு மாற்றுங்கள். பெயர்களைப் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனாவின் அழுத்தம் முகத்தின்மேல் கோடாக விழும். யார் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். அத்தை படத்தில் ஓரமாக நிற்கும் ஒரு சிறுமி யார் என்று கேட்க எனக்கு இன்று யாரும் இல்லை.

உங்கள் டப்பாவில் அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரச்சொல்லுங்கள். பூதக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து முடித்த பிறகு, அம்மாவின் பாதத்துக்குக் கீழே பாருங்கள். எத்தனை படி என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.