புதைந்த குழாயிலிருந்து செய்தி வருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் குடிநீர்க் குழாய்களில் கம்பியில்லா உணரிகளைப் பொருத்தி, உடைப்பு நேர்ந்த இடத்தைத் தோண்டாமலேயே அறிந்துவிடுகிறார்கள் என்று படித்தேன். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் கருவியிலிருந்து செய்தி எப்படி வெளியே வருகிறது?
– வாசகர், தஞ்சாவூர்

உடைப்பை அறிவது உண்மை. உணரியின் எல்லாப் பாகங்களும் புதைந்து கிடக்கின்றன என்பதுதான் சரியல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்தும் ஆய்வு மையம், சிங்கப்பூரின் நீர் வாரியமான பி.யு.பி.யுடன் இணைந்து 2009 வாக்கில் ‘வாட்டர்வைஸ்’ என்ற சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2004 டிசம்பரில், எம்.ஐ.டி.யும் இன்டெல் நிறுவனமும் பாஸ்டன் நகரின் நீர் வாரியத்தோடு சேர்ந்து இத்தகைய சோதனையில் இறங்கியிருந்தன. இன்று நடைமுறையில் உள்ள பெரும்பாலான அமைப்புகளில், அழுத்தத்தை அளக்கும் பகுதி மட்டுமே குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேட்டரியும் ஆன்டெனாவும் வால்வுத் தொட்டியிலோ, மேன்ஹோலின் மூடிக்குச் சற்றுக் கீழோ, சாலையோரக் கம்பத்திலோ இருக்கும். கீழிருந்து மேலே வருவது சாதாரண மின்கம்பிதான். கம்பியில்லாத் தொடர்பு அதற்குப் பிறகே தொடங்குகிறது.

ஆன்டெனாவை மண்ணுக்குள் வைக்கத் தயங்குவதற்குக் காரணம் ஈரம். ஒரு பொருள் மின்புலத்துக்கு எந்த அளவு வினைபுரிகிறது என்பதைக் காட்டும் எண்ணைப் பள்ளிப் பாடத்தில் ‘ஒப்புமை விடுதிறன்’ என்று படித்திருப்பீர்கள். உலர்ந்த மணலுக்கு அது 3 அல்லது 4 அளவில் இருக்க, நீருக்கு ஏறத்தாழ 80 ஆகும். மண்ணில் ஈரம் ஏற ஏற, ரேடியோ அலை அதற்குள் செல்லும் விதமே மாறிவிடுகிறது. உப்புகள் கரைந்த நீரைப் பிடித்துவைத்திருக்கும் களிமண் மின்சாரத்தையும் கடத்துவதால், அலையின் ஆற்றல் வெப்பமாகிக் கரைந்துபோகிறது. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்களுக்கு இந்த இழப்பு இன்னும் கூடுதல். குழாய் கசியத் தொடங்கினால் அதைச் சுற்றியுள்ள மண்தான் முதலில் நனையும். ஆக, செய்தி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அதன் வழி அடைபடுகிறது. இத்துறையில் இதைவிடப் பெரிய இக்கட்டு இல்லை என்பது என் எண்ணம்.

இதைக் கடக்க முன்வைக்கப்பட்டுள்ள வழிகளுள் காந்தத் தூண்டல் முக்கியமானது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த இயன் அகில்டிஸ் குழுவினர் 2006 முதல் நிலத்தடி உணரி வலைகளைப் பற்றி எழுதினார்கள். ஆன்டெனாவுக்குப் பதிலாக இரண்டு கம்பிச் சுருள்களை வைத்து, ஒன்றில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், மற்றொன்றில் மின்னழுத்தம் தோன்றும். நீரும் பெரும்பாலான மண் வகைகளும் காந்தத்தன்மை அற்றவை என்பதால் ஈரம் இதை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால் சுருளின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இருமடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே குழாய் நெடுகச் சில மீட்டருக்கு ஒன்றாகச் சுருள்களைப் புதைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கடத்த வேண்டியிருக்கும். புதிதாகக் குழாய் பதிக்கும்போது இதைச் செய்யலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பதித்த குழாய்க்காக நெடுக மறுபடி தோண்டுவது, தோண்டாமல் அறிய வேண்டும் என்ற நோக்கத்தையே கெடுத்துவிடும்.

கேள்வி: அழுத்தத்தை மட்டும் அளந்து, உடைந்த இடத்தை எப்படிச் சொல்ல முடிகிறது?
– வாசகி, கோயம்புத்தூர்

குழாய் திடீரென்று உடையும்போது அங்கே அழுத்தம் சட்டென்று விழுகிறது. அந்த வீழ்ச்சி ஓர் அலையாக இரு திசைகளிலும் ஓடுகிறது. உலோகக் குழாயில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர். ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் உணரியை அலை 0.4 நொடி முன்னதாக அடைந்தால், உடைப்பு அதிலிருந்து 300 மீட்டரிலும் மற்றதிலிருந்து 700 மீட்டரிலும் உள்ளது என்று கணக்கு சொல்லிவிடும்.

இதற்கு இரு கருவிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும்; அதற்காகவே ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் நேரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அளவீடும் வேகமாக நடக்க வேண்டும். சிங்கப்பூரில் நொடிக்கு 250 முறை அழுத்தத்தை அளந்தார்கள். அப்படி அளந்தாலும் இரு அளவீடுகளுக்கு இடையில் அலை 4 மீட்டர் ஓடிவிடும். பிளாஸ்டிக் குழாயின் சுவர் இளகிக் கொடுப்பதால் அதில் அலையின் வேகம் பாதிக்கும் கீழே குறைந்துவிடலாம். எந்தத் தெருவில் எந்த வகைக் குழாய் உள்ளது என்ற பழைய பதிவேடு தவறாக இருந்தால், விலையுயர்ந்த கருவியும் தவறான இடத்தையே காட்டும்.

மெல்ல ஊறும் சிறு கசிவு இத்தகைய அலையை எழுப்புவதில்லை. அதன் இரைச்சலைத்தான் கேட்க வேண்டும். வால்வின் மேல் காந்தத்தால் ஒட்டிவைக்கும் ஒலிப்பதிவுக் கருவிகள், ஊரடங்கிய அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை அதைச் செய்கின்றன.

கேள்வி: பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும்?
– வாசகர், மதுரை

லித்தியம் தயோனில் குளோரைடு வகையில் டார்ச் விளக்குக்குப் போடும் பெரிய பேட்டரி அளவில் ஒன்று, சுமார் 19 ஆம்பியர்-மணி மின்னூட்டம் கொண்டது. பத்து ஆண்டு என்பது 87,600 மணி நேரம். ஆகவே கருவி சராசரியாக 0.2 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. இடைவிடாமல் அளந்து அனுப்பும் கருவிக்கு இது எட்டாது. நாளெல்லாம் உறங்கி, சில நொடிகள் மட்டும் விழித்துப் பேசும் கருவிக்கே பத்தாண்டு என்ற விளம்பரம் பொருந்தும்.

கேள்வி: உடைவதற்கு முன்பே குழாய் நலிந்திருப்பதை அறிய வழி உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

இது கடினமான கேள்வி. வார்ப்பிரும்புக் குழாயில் இரும்பு அரித்துப்போய், கிராஃபைட் மட்டும் அதே வடிவில் எஞ்சி நிற்கும். பார்வைக்கு முழுதாகத் தெரியும், வலிமை இராது. இதை அழுத்த உணரி அறியாது. வலுவுக்காக இழுத்து இறுக்கிய எஃகுக் கம்பி (முன்னிறுக்கக் கம்பி) சுற்றிய பெரிய கான்கிரீட் குழாய்களில் நல்ல வழி உண்டு: உள்ளிருக்கும் கம்பி ஒவ்வொன்றாக அறுபடும் ஓசையைப் பதிவுசெய்யலாம். வாஷிங்டன் புறநகர்ப் பகுதிகளுக்கு நீர் வழங்கும் வாரியம் 2007 முதல் இதைச் செய்துவருகிறது. ஆனால் அங்கே கேட்பது குழாய்க்குள் ஓடும் ஒளியிழைக் கேபிள். கம்பியில்லா உணரி அல்ல. முக்கியமான பெருங்குழாய்க்குக் கேபிளே மேல் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் ஊரில் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. இங்கே இவை பயன்படுமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

கசிவு தேட, பெரும்பாலும் பயன்படா. மேலே சொன்ன முறைகள் எல்லாம் குழாயில் இரவு பகலாக அழுத்தம் இருப்பதை நம்பியவை. காலியான குழாயில் நீர் விடும்போதெல்லாம் அடைபட்ட காற்று வெளியேறி, உடைப்பைப் போன்றே அதிர்வுகளை எழுப்பும்.

வேறொரு வேலைக்கு அதே உணரி மிகவும் உதவும். விநியோகம் நின்றபின் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்தால், விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். கடைக்கோடித் தெருவில் வைத்த ஓர் அழுத்த உணரி, எந்தெந்த நாளில் எத்தனை நிமிடம் அப்படி நேர்ந்தது என்பதையும், தண்ணீர் உண்மையில் எத்தனை மணிக்கு அங்கே வந்தது என்பதையும் பதிவுசெய்துவிடும். உங்கள் ஊருக்கு முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.