புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே வீடு. கடல் நீரைக் கொண்டுவந்து வீட்டில் சிறிய பவளத் தொட்டி வைக்க முடியுமா?

தொட்டி வைக்க முடியும். கடல் நீரை மட்டும் கொண்டுவர வேண்டாம்.

நான் முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி சில வருடங்களாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு கோபி மீன், ஒரு இறால், கொஞ்சம் மென்பவளங்கள், அவ்வளவுதான் அதில் குடியிருப்பவை. இந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் ஊரில் பவளத் தொட்டியைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று வெயில், இன்னொன்று கரண்ட் போவது. புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் செய்தவை. அவர்கள் ஹீட்டர் பற்றிப் பேசுவார்கள். நாம் யோசிக்க வேண்டியது நேர் எதிரானதை.

முதலில் கடல் நீர் விஷயம். கரையோரத்து நீரில் வண்டல், சாக்கடைக் கழிவு, படகு டீசல் எல்லாம் கலந்திருக்கும். கடலூர்ப் பக்கம் உப்பனாற்று முகத்துவாரத்தில் தொழிற்சாலைக் கழிவும் சேரும். இதைவிடப் பெரிய சிக்கல், நம் கடலின் உப்புத்தன்மை வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்பதுதான். பவளத்துக்கு லிட்டருக்கு 35 கிராம் உப்பு வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் மழை நீரைக் கொண்டுவந்து கொட்டும். கரையை ஒட்டித் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டமும் வங்கக் கடலின் வடபகுதியில் இருந்து உப்புக் குறைந்த நீரைச் சுமந்து வரும். அந்த மாதங்களில் முகத்துவாரத்துக்கு அருகே உப்புத்தன்மை 30க்கும் கீழே இறங்கிவிடும். மீன், இறால் குஞ்சு பொரிப்பகங்கள் கடல் நீரைத்தான் பயன்படுத்துகின்றன, உண்மைதான். ஆனால் அங்கே மணல் வடிகட்டி, புற ஊதா விளக்கு, பெரிய சேமிப்புத் தொட்டி எல்லாம் உண்டு. வீட்டில் அது நடக்காது.

சிலர் மரக்காணம் கல் உப்பைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். அதுவும் கூடாது. உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே தனியாகப் படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நம் கைக்கு வருவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் இல்லாமல் போய்விட்டன. ஆகவே மரைன் தொட்டிக்கென்றே விற்கும் ரீஃப் சால்ட்டைத்தான் வாங்க வேண்டும்.

அந்த உப்பைக் கரைக்கும் நன்னீரும் சுத்தமாக இருக்க வேண்டும். நம் பகுதி நிலத்தடி நீரின் நிலை உங்களுக்கே தெரியும். கடலை ஒட்டிய தெருக்களில் போர்வெல்லில் உப்பு நீர்தான் வருகிறது. சமையலறை ஆர்ஓ இயந்திரம் போதாது. அது டிடிஎஸ்ஸை, அதாவது நீரில் கரைந்த உப்புகளின் அளவை, முழுதாகக் குறைப்பதில்லை, சிலவற்றில் குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று தாது உப்பை மறுபடி சேர்க்கவும் செய்வார்கள். ஆர்ஓவுக்குப் பின்னால், மிஞ்சிய உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குடுவை ஒன்றை மாட்டி, டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் நீரை மட்டும் பயன்படுத்துங்கள். கேன் தண்ணீரை நம்ப வேண்டாம்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். இதில்தான் பலர் தொட்டியைக் கைவிடுகிறார்கள். தொட்டி நீர் 25, 26 டிகிரியில் இருப்பது நல்லது. மென்பவளங்கள் 28 வரை தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டால் அறை வெப்பம், பம்பின் சூடு, விளக்கின் சூடு எல்லாம் சேர்ந்து நீர் 32ஐத் தொட்டுவிடும். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியில் இருந்து உணவு தயாரித்து அதற்குக் கொடுக்கிறது. சூடு அதிகமானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் இப்படி வெளுத்தன. அவ்வளவு பெரிய கடலிலேயே இப்படி என்றால், 100 லிட்டர் நீரில் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நீரின் மேற்பரப்பில் படும்படி சிறிய ஃபேன் வைத்தால் 2 முதல் 4 டிகிரி குறையும் என்பார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் குறைகிறது. ஆனால் காற்று உலர்ந்திருந்தால்தான் நீர் வேகமாக ஆவியாகும். மே மாதம் காலையில் மேற்கில் இருந்து வறண்ட காற்று அடிக்கும்போது ஃபேன் அருமையாக வேலை செய்யும். மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பி உடம்பெல்லாம் பிசுபிசுக்கும்போது அதே ஃபேனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கோயம்புத்தூர் நண்பர் ஃபேன் போதும் என்று சொன்னால் அது அவர் ஊருக்குச் சரி. நம் ஊருக்கு, பகலும் இரவும் ஏசி ஓடாத வீடாக இருந்தால், நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்ஜெட் போடும்போது முதல் வரியில் சில்லரை எழுதுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால் பணம் சேரும் வரை காத்திருக்கலாம், தவறில்லை. சில்லரை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது நீரில் இருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளும் இயந்திரம். அந்தச் சூடு போக வழி இல்லாவிட்டால் இயந்திரம் நிற்காமல் ஓடிப் பாழாகும். படுக்கையறை ஏசியை நம்பி அங்கே தொட்டி வைப்பவர்கள் உண்டு. இரவில் 24, பகலில் 31 என்று தினமும் ஏறி இறங்குவது, ஒரே சூட்டில் இருப்பதைவிட மோசம்.

ஃபேன் வைத்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உப்பு ஆவியாகாது. 100 லிட்டரில் 3 லிட்டர் போனால் உப்புத்தன்மை 35ல் இருந்து 36க்கு ஏறிவிடும், கோடையில் இது ஒரே நாளில் நடக்கும். குறைந்த அளவை உப்பு நீரால் நிரப்பக் கூடாது, டிஐ நீரால்தான் நிரப்ப வேண்டும். தானாக நீர் சேர்க்கும் ஏடிஓ கருவி இருந்தால் இந்தக் கவலை இல்லை. உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் 0 வைத்துச் சரிபார்ப்பதோடு விடாமல், 35க்கான அளவுத் திரவத்தை வாங்கி அதில் சரிபாருங்கள். இது சின்னச் செலவுதான்.

அடுத்தது கரண்ட். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாள் ஆனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் ஊர் இருட்டில் கிடந்தது. கார்த்திகை, மார்கழி என்றால் நமக்குப் புயல் எச்சரிக்கை வழக்கமான ஒன்று. நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். ஆகவே விளக்கு, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், சில்லர் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். தொட்டி நீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் பம்ப் ஒன்று மட்டும் இன்வர்ட்டரில் ஓடட்டும். மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும் டிசி வேவ்மேக்கராக வாங்கினால் வீட்டு இன்வர்ட்டர் நீண்ட நேரம் தாங்கும். அதோடு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை அலமாரியில் வைத்திருங்கள். பவளங்கள் விளக்கு இல்லாமல் சில நாள் இருந்துவிடும். புயல் நாளில் மீனுக்குத் தீனி போடாதீர்கள், அது பட்டினியைத் தாங்கும், அழுகும் தீனியைத் தாங்காது.

மின்சாரம் என்றதும் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குச் செல்லும் லைனில், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம். ஒயர்களை பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், அப்போது ஒயர் வழியே வழியும் நீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. ஸ்டாண்டுக்கு இரும்பு வேண்டாம். நம் ஊர்க் கடல் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, தொட்டிக்குக் கீழே கேட்கவே வேண்டாம். அலுமினியம் அல்லது மரைன் பிளைவுட் நல்லது.

தொட்டியில் பாறையும் மணலும் போட்ட பின் பொறுமையாக இருக்க வேண்டும். கடற்கரை மணல் கூடாது. நம் கரை மணலில் கருமணல் கலந்திருக்கும், அதில் இரும்புத் துகள் உண்டு. பம்பின் காந்தத்திலும் கண்ணாடி துடைக்கும் காந்தத்திலும் ஒட்டிக் கண்ணாடியைக் கீறிவிடும். அராகனைட் என்ற சுண்ணாம்பு மணலை வாங்குங்கள். பிறகு அம்மோனியா கிடைக்கக் கொஞ்சம் அம்மோனியம் குளோரைடு சேர்த்து, நல்ல பாக்டீரியா பாறையில் குடியேறக் காத்திருங்கள். அம்மோனியா நைட்ரைட் ஆகும், நைட்ரைட் நைட்ரேட் ஆகும். முதல் இரண்டும் 0 காட்ட 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதற்கு முன் ஒரு மீனைக்கூட விடாதீர்கள். அப்புறம் பழுப்புப் பாசி வரும், பச்சை முடிப்பாசி வரும். புதுத் தொட்டியில் இது வந்துதான் போகும். அதற்காக மருந்து எதையும் ஊற்றாமல், பாசி தின்னும் டர்போ நத்தைகளை விடுங்கள்.

பவளம் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1ல் 2001ஆம் ஆண்டு கல் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை சேர்க்கப்பட்டன. கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. இவற்றை யாராவது மலிவாகக் கொடுத்தாலும், ராமேஸ்வரத்தில் இருந்து காய்ந்த துண்டாகக் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மிஞ்சியிருக்கும் பவளத்தை நம் வீட்டு அலங்காரத்துக்காக உடைக்க எனக்கு மனம் வராது. அந்த வகைகளுக்கு வெளியே இருக்கும் மென்பவளங்களே போதும். காளான் பவளம், தோல் பவளம், சோவாந்தஸ், ஜீனியா என்று நிறமும் அசைவும் கண்ணை நிறைக்கும். இவை கால்சியத்தை அதிகம் குடிப்பதில்லை என்பதால் தொடக்கக்காரருக்கு ஏற்றவை. ஏற்கெனவே யார் தொட்டியிலாவது வளர்ந்து வெட்டிய துண்டாக வாங்குவது இன்னும் நல்லது. சோவாந்தஸில் ஒரு எச்சரிக்கை: அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். அது ஒட்டியிருந்த பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், ஆவியே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும்.

மீன் வாங்குவது பெரும்பாலும் சென்னை கொளத்தூரில்தான். கிளவுன் மீனைப் பொரிப்பகத்தில் வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கிளவுன் இனப்பெருக்கத்தில் வேலை செய்தவை. பிடித்து வந்த மீனைவிட வளர்த்த மீன் தீனிக்கு உடனே பழகும், நோயும் குறைவு. சின்னதாக இரண்டு வாங்கினால் போதும், ஜோடி தேட வேண்டாம். கிளவுன் எல்லாமே முதலில் ஆண்தான், பெரிதாக வளர்வது பெண்ணாக மாறிவிடும். நீல நிற டேங் மீனை, குழந்தைகள் எவ்வளவு கேட்டாலும், இரண்டடித் தொட்டியில் விடாதீர்கள். அதற்கு ஆறடி நீளத்தில் நீந்த இடம் வேண்டும். மாண்டரின் மீனும் வேண்டாம். புதுத் தொட்டியில் அது தின்னும் மிகச் சிறிய ஓட்டுடலிகள் இருக்காது, மெலிந்து மெலிந்து செத்துப்போகும். எந்த மீனையும் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். வெண்புள்ளி நோய் பவளத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் மருந்து போட வழி இல்லை. அதற்கான செம்பு மருந்து இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும்.

பராமரிப்பு உண்மையில் எளிதானது. ஞாயிற்றுக்கிழமை 10 சதவீத நீர் மாற்றம், புது நீரை முந்தின நாளே கரைத்து அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்து வைப்பது, ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுவது. காரத்தன்மை 8, 9 டிகேஹெச்சில் (அதை அளக்கும் அலகு) நிற்கிறதா என்று சாலிஃபெர்ட் அல்லது ஹன்னா சோதனைக் கருவியில் வாரம் ஒருமுறை பார்ப்பது. மென்பவளத் தொட்டிக்கு இந்த நீர் மாற்றமே கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஈடுகட்டிவிடும், தனியாக எதையும் ஊற்றத் தேவை இல்லை. 8, 9 என்ற எண்ணைத் துரத்தி ஒரே நாளில் சரிசெய்ய முயல்வதைவிட, 7.5 காட்டினாலும் அசையாமல் நிற்பதே பவளத்துக்குப் பிடிக்கும்.

செலவைக் கேட்பீர்கள். சில்லரோடு சேர்த்து இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் பில் தனி. தொட்டி வைக்கப்போகும் அறை மாடியா தரைத்தளமா, மேற்கு வெயில் விழுமா என்று எழுதுங்கள். எந்த அளவு சில்லர் சரிவரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.