கதகானாவும் குபோட்டாவும்

கேள்வி: ஜப்பான் வேலைக்காக மொழி படிக்கிறேன். கதகானா என்கிற ஜப்பானிய எழுத்து வகை மண்டையில் நிற்குதில்லை. என்ன செய்ய?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: அடிப்படை எழுத்து 46 தான் பிள்ளை, எங்களுடைய 247-ஐப் பாடமாக்கின ஆளுக்கு இது வலு சுகம், வரிசைகூட அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந என்று பழகின மாதிரியே போகும். ‘ஷி’யும் ‘ட்சு’வும்தான் ஆளைச் சுத்தும். இரண்டிலும் இரண்டு குட்டிக் கோடு, ஒரு நீளக் கோடு. நீளக் கோட்டைக் கீழிருந்து மேலே இழுத்தால் ஷி, மேலிருந்து கீழே இழுத்தால் ட்சு. சும்மா பார்த்தால் பிடிபடாது, எழுத வேண்டும்.

அருவி வெட்டுக்கு வருகிற குபோட்டா மெஷினின் பெயரை எழுதிப் பாருங்கள்: கு, போ, தா, மூன்றே எழுத்து. ‘ஹோ’வின் வலப்பக்கத் தோளில் இரண்டு சின்னக் கீறல் போட்டால் அதுதான் ‘போ’. சரி, அடுத்தது உங்கள் பெயர். வெளிநாட்டுப் பெயரென்பதால் அங்கே அதையும் கதகானாவில்தான் எழுதுவார்கள்.