பாங்காக் பழையபடி ஆகிவிட்டதா? – வாசகர் கேள்விகள்

போன இதழில், "இனி தாய்லாந்துக்குப் பெரிய குழு அழைத்துப் போவதாக இல்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். 22 ஆண்டுகள் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகவும் சென்னையிலிருந்து நேராகவும் ஆட்களை பாங்காக்குக்கு அழைத்துப் போய், எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். ஆகவே இந்த இதழ் முழுக்க தாய்லாந்துதான். கும்பகோணம் கோயில்களைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

2019இல் உங்களோடு பாங்காக், பட்டாயா வந்தோம். பிள்ளைகள் மறுபடி கேட்கிறார்கள். ஊர் பழையபடி ஆகிவிட்டதா?
– ஜவுளிக்கடைக்காரர், கும்பகோணம்

நீங்கள் பட்டாயாவில் பேருந்தை 40 நிமிடம் நிறுத்திவைத்தவர்தானே? நன்றாக நினைவிருக்கிறது.

நீங்கள் வந்த 2019, தாய்லாந்து சுற்றுலாவின் உச்ச ஆண்டு. ஏறத்தாழ 4 கோடி வெளிநாட்டினர் வந்தார்கள். மறு ஆண்டு 67 லட்சம்; அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வந்தவர்கள். 2021இல் வெறும் 4 லட்சத்துச் சொச்சம். அதாவது, 2019இல் நூறு பேர் நின்ற இடத்தில் ஒருவர். 2022இல் 1.1 கோடி, 2023இல் 2.8 கோடி, 2024இல் 3.5 கோடி என்று விறுவிறுவென்று ஏறி, 2025இல் 3.3 கோடிக்குச் சறுக்கிவிட்டது. எனவே பழையபடி ஆகவில்லை. ஆனால் நீங்கள் போய் இறங்கினால் இதை உணர மாட்டீர்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் குடிநுழைவு வரிசை அதே நீளம்தான். வித்தியாசம், வரிசையில் நிற்பவர்களின் கடவுச்சீட்டு நிறத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கேள்வியில் வருகிறேன்.

கொரோனா சுற்றுலாப் பயணிகள் வழியாகத்தான் தாய்லாந்துக்குள் நுழைந்ததா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ஆம். 2020 ஜனவரி 13 அன்று தாய்லாந்து ஒரு செய்தியை உறுதி செய்தது: வூஹானிலிருந்து வந்த சீனப் பெண் பயணி ஒருவருக்குப் புதிய வைரஸ். சீனாவுக்கு வெளியே உலகத்திலேயே உறுதியான முதல் தொற்று அது. நான் அந்த மாதக் கடைசியில் 26 பேரோடு பட்டாயாவில் இருந்தேன். முகக்கவசம் கடைகளில் தீர்ந்துபோயிருந்தது. எங்கள் குழுவில் ஒரு அம்மையார் கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் விட்டு எல்லோருக்கும் முகர்ந்துபார்க்கக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒரே கைக்குட்டை, 26 மூக்கு. இன்று நினைத்தால் வியர்க்கிறது.

மார்ச் 26 முதல் நெருக்கடி நிலை. ஏப்ரல் 4 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானம் இறங்கத் தடை. சோங்கிரான் என்னும் அவர்களுடைய புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா ஏப்ரல் நடுவில் வரும்; நம் சித்திரைப் பிறப்பும் அப்போதுதான். அந்த ஆண்டு அதற்கான விடுமுறையையே தள்ளிவைத்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நுவாட் தாய்' எனப்படும் அவர்களுடைய மரபுவழி உடம்பு பிடித்துவிடும் கலையை யுனெஸ்கோ 2019 டிசம்பரில்தான் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருந்தது. மூன்றே மாதம். கௌரவத்தின் மாலை வாடுவதற்குள் பாங்காக்கில் அத்தனை மசாஜ் கடைகளுக்கும் பூட்டு.

லோப்புரி குரங்குகளுக்கு என்ன ஆயிற்று, தாத்தா?
– ஐந்தாம் வகுப்பு, மணப்பாறை

லோப்புரி, தாய்லாந்தில் குரங்குகளுக்குப் பேர்போன ஊர். வாழைப்பழம் கொடுக்கும் பயணிகள் திடீரென்று நின்றுபோனதால், 2020 மார்ச்சில் நடுத்தெருவில் நூற்றுக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டன. பிறகு ஊர்க்காரர்களுக்கே தொல்லை பெருத்து, 2024இல் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். மனிதர்கள் கொடுத்துப் பழக்கிய சாப்பாடு, ராசா.

சுற்றுலாவை மட்டுமே நம்பியிருந்த எளிய மக்கள் அந்த இரண்டு ஆண்டுகளை எப்படிக் கடந்தார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

நல்ல கேள்வி, அம்மா. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் குழுக்களுக்கு 14 ஆண்டுகள் ஒரே பெண்தான் உள்ளூர் வழிகாட்டி. தாய்லாந்தில் அந்த வேலையை அந்நாட்டவர் மட்டுமே செய்யலாம். உரிம அட்டை கழுத்தில் தொங்க வேண்டும். அவருடைய செல்லப்பெயருக்கு அவர்கள் மொழியில் 'சின்னவள்' என்று பொருள். ஆனால் தமிழ்க் காதில் அது 'நோய்' என்று விழும். எங்கள் ஆட்கள் பேருந்தில், "நோய் வந்துவிட்டதா, நோய் எங்கே?" என்று சிரித்துக்கொண்டே இருப்பார்கள். 2020க்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட எனக்கே கூசியது. தங்கச்சி என்று மாற்றிக்கொண்டேன்.

வேலை நின்ற முதல் மாதம், தான் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்துவிட்டு வடகிழக்கே உடோன் தானிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவரைப் போல லட்சக்கணக்கானோர் ஈசான் எனப்படும் அந்த வடகிழக்குப் பகுதிக்குத் திரும்பினார்கள். வயலும் வீடும் அங்கே மிச்சம் இருந்தது பலரைக் காப்பாற்றியது. அரசாங்கம் முறைசாராத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 பாட் வீதம் மூன்று மாதம் கொடுத்தது. தெருவோரங்களில் 'பகிர்ந்துண்ணும் அலமாரி' வைத்தார்கள். அரிசி, முட்டை, நூடுல்ஸ் ஆகியவற்றை இருப்பவர் வைத்துவிட்டுப் போவார், இல்லாதவர் எடுத்துக்கொள்வார். யாரும் காவல் நிற்பதில்லை. ஓரிரு இடங்களில் மொத்தமாக வாரிக்கொண்டு போனவர்களும் உண்டு. மனிதர்கள்தானே.

வட தாய்லாந்தில் யானை முகாம்கள் மூடின. ஒரு யானைக்கு நாள் ஒன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் தீனி வேண்டும்; டிக்கெட் வருமானம் இல்லாமல் யார் போடுவது? பாகர்கள் யானைகளை நடத்தியே மே சாம் மலைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள், நாள் கணக்கில் நடை. பாங்காக்கில் ஒரு வாடகைக்கார் கூட்டுறவுச் சங்கம், ஓட்ட ஆளின்றி நின்றுவிட்ட கார்களின் கூரையில் மண் கொட்டி மிளகாய், வெள்ளரி, சீமைச் சுரைக்காய் போட்டது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. காருக்கு வாங்கிய கடனை வெள்ளரிக்காய் அடைக்காது.

இதில் பெரிய இடமும் தப்பவில்லை. தாய் ஏர்வேஸ் 2020இல் கடன் தாங்காமல் திவால் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குள் போயிற்று. அந்த ஆண்டு அந்த விமான நிறுவனம் தெருவில் பலகாரம் விற்றது. நம்புங்கள். 'பதொங்கோ' என்ற எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரம், தொட்டுக்கொள்ள ஊதா வள்ளிக்கிழங்குக் கூழ். காலையில் வரிசை கட்டி வாங்கினார்கள். 2025இல்தான் அந்த நிறுவனம் நீதிமன்றப் பிடியிலிருந்து வெளியே வந்து, அதன் பங்குகள் மறுபடி சந்தைக்கு வந்தன.

'புக்கெட் மணல்பெட்டி' என்று அப்போது படித்தோம். என்ன அது?
– வங்கி ஊழியர், காரைக்குடி

குழந்தையை மணல்பெட்டிக்குள் விட்டால் எவ்வளவு விளையாடினாலும் மண் வெளியே சிந்தாது அல்லவா, அதுதான் யோசனை. புக்கெட் தீவுக்காரர்களுக்கு முதலில் தடுப்பூசி போட்டுவிட்டு, 2021 ஜூலை 1 முதல் தடுப்பூசி போட்ட வெளிநாட்டினரை அறைக்குள் அடைக்காமல் தீவுக்குள் உலவவிட்டார்கள். 14 இரவு தங்கி, பரிசோதனைகளில் தேறினால் மற்ற ஊர்களுக்குப் போகலாம். அன்றைய பிரதமர் பிரயுத் சான் ஓச்சா முதல் நாள் நேரிலேயே போய் நின்றார்.

எண்ணிக்கையில் அது பெரிய வெற்றி இல்லை. ஆனால் நவம்பரில் நாடு முழுவதையும் திறக்கும் துணிச்சல் அங்கேதான் கிடைத்தது. இடையில் ஒமிக்ரான் வந்து மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்து, 2022 ஜூலையில், பயணிகள் வருமுன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற கடைசிக் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். நம் நாட்டிலிருந்து வழக்கமான சர்வதேச விமானங்களே 2022 மார்ச் 27 அன்றுதான் திரும்பின. அந்த இரண்டு ஆண்டுகளும் நான் என் மைத்துனரின் உரக்கடையில் கணக்கு எழுதினேன்.

எல்லோரும் திரும்பிவிட்டார்கள், சீனர்கள் மட்டும் ஏன் திரும்பவில்லை?
– ஏற்றுமதியாளர், திருப்பூர்

2019இல் வந்த 4 கோடியில் ஏறக்குறைய 1.1 கோடி பேர் சீனர்கள். நாலில் ஒரு பங்குக்கும் மேல். ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தினால் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் சொல்லித்தர வேண்டியதில்லை.

2023 ஜனவரியில் சீனா கதவைத் திறந்ததும், அப்போதைய சுகாதார அமைச்சர் அனுடின் சான்விரகுல் விமான நிலையத்துக்கே போய், வந்து இறங்கியவர்களுக்கு மாலை கொடுத்தார். மாலை வாடியது, கூட்டம் வரவில்லை. 2024 மார்ச் முதல் விசாவே வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு 67 லட்சம் வரை ஏறிற்று. 2025 ஜனவரியில் ஒரு சீன நடிகர், படப்பிடிப்பு என்று நம்பித் தாய்லாந்துக்கு வந்தவர், எல்லை ஊரான மே சோத் வழியாக மியான்மர் மோசடிக் கும்பலிடம் கடத்தப்பட்ட செய்தி சீனா முழுக்கப் பரவியது. மார்ச்சில் நிலநடுக்கம், பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்று பொலபொலவென்று சரிந்த காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜூலையில் கம்போடியாவோடு எல்லைச் சண்டை. 2025இல் சீனர் வரவு 45 லட்சத்துக்குள் சுருங்கி, மலேசியர்கள் முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் தொலைந்துபோன அந்த 1.1 கோடியில் எல்லோரும் திரும்ப வேண்டுமா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. 'பூஜ்ய டாலர்' பயணம் என்று ஒன்று இருந்தது. அடக்க விலைக்கும் கீழே டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சேர்த்து விற்பார்கள். ஆட்கள் வந்ததும் ரத்தினக்கல் கடை, ரப்பர் மெத்தைக் கடை, பறவைக்கூடு சூப்புக் கடை என்று பூட்டிய பேருந்தில் சுற்றுவார்கள். லாபம் கடைக்காரர் தரும் கமிஷனில். வழிகாட்டிக்குச் சம்பளம் கிடையாது. சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று அவரே கட்டிக் குழுவை 'வாங்க' வேண்டும். 2016இல் அரசாங்கம் இதன் மேல் பாய்ந்தது; முழுதாக ஒழியவில்லை.

சீனர்களைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. கும்பகோணம்காரர் இதைப் படித்துக்கொண்டிருப்பார். அன்று இரண்டு மணி நேரம் நகைக்கடையில் உங்களை உட்காரவைத்து மாம்பழச்சாறு கொடுத்தார்களே, உங்கள் மனைவி நீலக்கல் மோதிரம் வாங்கினாரே, அதில் எனக்கும் பங்கு வந்தது. தங்கச்சிக்கும் வந்தது. அவருக்கு அது மட்டுமே வந்தது.

மாயா கடற்கரையை மூடிவிட்டார்கள் என்கிறார்கள். உண்மையா?
– புதுமணத் தம்பதி, நாகர்கோவில்

தேனிலவா? வாழ்த்துகள். ஆகஸ்ட், செப்டம்பரில் போகாதீர்கள். பீபீ லே தீவிலிருக்கும் அந்தக் கடற்கரையை ஆண்டுதோறும் அந்த மாதங்களில் மூடுகிறார்கள். பவளப்பாறை செத்துக்கொண்டிருந்ததால் 2018 ஜூனில் மூடியது, தொற்றுக்காலமும் சேர்ந்துகொள்ள 2022 ஜனவரி 1 அன்றுதான் திறந்தது. அதற்குள் கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் ஆழமில்லாத தண்ணீருக்கே வந்துவிட்டன. இப்போது படகு உள்ளே வரக்கூடாது. தீவின் பின்பக்கம் இறங்கி நடக்க வேண்டும், ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று வரம்பும் உண்டு. படகோட்டிகள் முணுமுணுக்கிறார்கள். நான் சுறாக்கள் பக்கம்.

நம்மவர்கள் அதிகம் போகிறார்களே, மதிப்பு இருக்கிறதா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், மதுரை

2019இல் 20 லட்சத்தைத் தொட்ட இந்தியர் வரவு 2025இல் 24 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பழைய கணக்கை முந்திய சில நாட்டவரில் நாமும் ஒருவர். 2023 நவம்பர் 10 முதல் நமக்கு விசா வேண்டாம் என்றார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். டிக்கெட் போடும்முன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள். 2025 மே முதல், போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். தாய் மொழியில் இந்தியரைக் 'கேக்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள். சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலை 'வாட் கேக்' என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்ல வேண்டும். நவராத்திரியில் அங்கே நம்மைவிடத் தாய்லாந்துக்காரர்கள்தாம் அதிகம் பூத்தட்டு ஏந்தி நிற்பார்கள். காலை உணவு வரிசையில் முந்தாமல், அறைத் துண்டைப் பெட்டியில் வைக்காமல் இருந்தால் இரண்டாவது பொருள் நீடிக்கும்.

உங்கள் முன்பணம் திரும்பியதா? அந்த வழிகாட்டிப் பெண் என்ன ஆனார்?
– சக பயண ஏற்பாட்டாளர், திருச்சி

2020 ஏப்ரல் குழுவுக்காக பட்டாயா ஹோட்டல் ஒன்றுக்குக் கட்டிய முன்பணத்தில் பாதி, 'பிறகு வரும்போது கழித்துக்கொள்ளலாம்' என்ற கடிதமாகத் திரும்பியது. நான் பிறகு போனபோது ஹோட்டலே கைமாறியிருந்தது. கடிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது.

தங்கச்சி உடோன் தானியில் காலையில் அரிசிக் கஞ்சிக் கடை போடுகிறார். 11 மணிக்கெல்லாம் பானை காலியாகிவிடுமாம். போன ஆண்டு, 45 பேர் கொண்ட குழு ஒன்று இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டேன். "அண்ணா, பேருந்து நிறைய ஆள் என்றால் நகைக்கடைக்குப் போக வேண்டும். ஒரு வேன் அளவு கூட்டிக்கொண்டு வாருங்கள், நாள் சம்பளம் பேசுங்கள், கடையை அம்மா பார்த்துக்கொள்வார்" என்றார். போன இதழில் எழுதிய அந்த ஒரு வரிக்குக் காரணம் இதுதான். வேனில் 10 இருக்கை. விலை முன்பைவிடக் கூடுதல். கும்பகோணம்காரர் குடும்பத்துக்கு நாலு ஒதுக்கி வைத்திருக்கிறேன். இந்த முறை பேருந்து நிறுத்திவைக்கப்படமாட்டாது.